தண்ணீர் நின்ற குழி

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்றாம் குழியைப் பார்க்கப் போனேன். அதில் தண்ணீர் விளிம்பு வரை நின்றது. பக்கத்துக் குழிகள் இரண்டிலும் சோதனைக்கு ஊற்றியதெல்லாம் இழுபட்டுப் போயிருந்தது. தேக்குக்கு ஏற்ற மண் அப்படித்தான் இழுக்கும்.

அது தொண்ணூற்றேழாம் ஆண்டு. திரியாய்ப் பக்கம் சண்டையில் சனம் எழும்பிப்போய்ப் பற்றை மூடிக் கிடந்த மேட்டுக்காணிகளில் மரம் நடுவதென்று வன இலாகாவில் மேலே முடிவாகியிருந்தது. எந்த மண்ணுக்கு எந்த மரம் என்று சொல்வது மட்டும் என் வேலை. குழி வெட்ட, அகதி முகாமிலிருந்து ஆட்களுக்கு இராணுவத்திடம் பாஸ் எடுத்து டிராக்டரில் ஏற்றி வந்தோம். அவர்களில் ஒருத்தி புஷ்பவதி. இந்தக் காணித்துண்டு தன்னுடையது என்பதைக் காலையில்தான் சொன்னாள், மண்வெட்டியை நிறுத்தாமலே. மரம் வைத்துவிட்டால் காணி இலேசில் திரும்பாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

குனிந்து பார்த்தேன். குழியின் சுவரெல்லாம் குளத்துக் கருங்களி. வயல் வரம்புக்குப் பூசுவதுபோல புஷ்பவதி வழித்துப் பூசி, மறுபடி தண்ணீர் ஊற்றியிருந்தாள். விரல் தடங்கள் வரிவரியாகத் தெரிந்தன.

"தண்ணி நிக்குது ஐயா. தேக்கு அழுகிப்போம், என்ன?" என்றாள். முழங்கை வரை களி காய்ந்து வெடித்திருந்தது.

"ஓம், தேக்கு வராது. அப்ப மருது வை எண்டுவாங்கள். அதுக்கு ஈரம்தான் விருப்பம்."

"உப்பு மண் எண்டா?"

"அதுக்கும் மரம் இருக்கு."

"உங்கட படிப்பில வெறுங்காணி எண்டு ஒண்டு கிடையாதோ?"

ஒன்றுக்கும் உதவாத மண் என்று நான் எழுதினால், வேறொருவரை அனுப்பி உதவும் என்று எழுதுவிப்பார்கள். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். களி கன்னத்திலும் ஏறியது.

"எந்த மரத்தைக் கெதியா வெட்டுவாங்கள்?"

"தேக்குக்கு முப்பது வருசம் வேணும். சவுக்கு எண்டா ஏழு, எட்டு. விறகுக்குப் போயிடும்."

"எனக்கு இப்ப நாப்பத்தாறு. எட்டெண்டாலும் இருப்பன்." கொஞ்சம் யோசித்தாள். "சவுக்குக்கு என்ன மண்?"

"கடற்கரை மணல்."

அவள் குழிக்குள் இறங்கித் தண்ணீரை இறைத்து, களியை நகத்தால் சுரண்டி எறிந்தாள். பிறகு மண் அள்ளும் தாச்சியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கடல் பக்கமாக நடந்தாள்.

டிராக்டர் ஓட்டும் வீரசிங்கம் எழும்பி வந்தான். "அங்கால ஆமி நிக்கிறான். இவ எங்க போறா?"

"மணல் எடுக்க நான்தான் அனுப்பினனான்" என்றேன்.

பற்றைக்கு மேலே அந்தத் தாச்சி மட்டும் வெயிலில் போய்க்கொண்டிருந்தது.