கட்டுப் போட்ட விரல்

என் வீட்டுக்காரர் சவரக் கத்தியால் விரலை வெட்டிக்கொண்டாராம். முப்பது வருடமாக ஊரார் தாடையெல்லாம் வழித்த மனுஷர்! ஆள்காட்டி விரலில் அவ்வளவு பெரிய கட்டு. எங்கள் கடையில் திரைக்கு அந்தப் பக்கம் அவருடைய சவர நாற்காலி, இந்தப் பக்கம் என் தையல் மெஷின். எட்டிப் பார்த்தேன். துண்டில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

எனக்குப் பகீரென்றது. அன்று தேர்தல் நாள்.

அவர் ஏணிக் கட்சி, நான் குடைக் கட்சி. கல்யாணமான புதிதில் இதற்காகவே மூன்று நாள் பேசாமல் இருந்தோம். பிறகுதான் அந்த ஒப்பந்தம். என் ஓட்டை அவர் ஓட்டு அடித்துவிடும், அவர் ஓட்டை என் ஓட்டு அடித்துவிடும். எதற்கு இரண்டு பேரும் வெயிலில் நிற்க வேண்டும்? இருவருமே போவதில்லை. இருபது வருடம் அப்படித்தான். அந்த வாக்கை அவர் மீறுவார் என்று யாராவது சொல்லியிருந்தால் வாயிலேயே போட்டிருப்பேன்.

"கையைக் காட்டுங்க."

"சின்னக் காயம்தான். விடேன்."

வெடுக்கென்று கட்டை உருவினேன். மை! பச்சைத் துரோகம்!

"நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு..."

"இத்தனை வருஷம் கேட்டது போதும்!"

ஆறு மணிக்கு வாக்குச்சாவடியை மூடிவிடுவார்கள். மணி ஐந்து நாற்பது. செருப்பு ஒரு பக்கம் இழுக்க ஓடினேன். எனக்கு முன்னால் பதினொரு பேர். ஒருவர் நிதானமாகக் கண்ணாடியைத் தேடுகிறார், ஒருத்தி அதிகாரியிடம் நலம் விசாரிக்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குடை வேட்பாளர் நல்லவரா கெட்டவரா, எதையும் நினைக்கவில்லை. என் வீட்டுக்காரர் ஓட்டை அடிக்க வேண்டும், அவ்வளவுதான். போட்டுவிட்டேன்.

திரும்பி வந்து விரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "போதுமா? உங்க ஏணியைச் சாய்ச்சுட்டேன்!"

அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நானும் குடைக்குத்தான் போட்டேன்."

நீட்டிய விரலை இழுத்துக்கொண்டேன்.

"காலையில நீ கடைக்கு வர்றதுக்கு முன்னாடி ஏணி வேட்பாளர் சவரத்துக்கு வந்தான். ஆலையில பாய்லர் வெடிச்சு அஞ்சு பொண்ணுங்க செத்தாங்களே, அந்தப் பேச்சு வந்துச்சு. 'அஞ்சு ஓட்டு போச்சு'ன்னு சிரிக்கிறான். என் கத்தி அவன் கழுத்துல இருந்துச்சு." அவர் கத்தியைக் கீழே வைத்தார். "வழிச்சு அனுப்பிட்டு நேரா போயிட்டேன். அதுக்கப்புறமும் சும்மா உட்கார்ந்திருந்தா நான் மனுஷனே இல்லை. ஆனா உனக்குக் கொடுத்த வாக்கை மீறிட்டேனே... உன் மூஞ்சியில முழிக்கக் கூசுச்சு."

அந்த ஐந்து பேரில் ஒருத்தி தைக்கக் கொடுத்த சட்டை இன்னும் என் மெஷினுக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. ஓட்டுப் போடும்போது எனக்கு அவள் நினைவே வரவில்லை.

கீழே கிடந்த கட்டுத் துணியை எடுத்து என் விரலில் சுற்றிக்கொண்டேன்.