பீப்பாய் பிடிக்கிறவள்

“அப்ப, நீங்க என்ன வாசிக்கிறீங்க?”

சோபோட் நகரத்து இசையமைப்பாளர் வோலிட்ஸ்கி ஒத்திலியாவிடம் முதன்முதலாகக் கேட்டது இதைத்தான். யோவான் திருநாள் சாயங்காலம். யஸ்தார்ன்யா கடற்கரையில் தீ மூட்டி ஊரே கூடியிருந்தது. ஒத்திலியா இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் சின்னப் பீப்பாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதன் ஒரு பக்கம் தோல் போர்த்தியிருந்தது. தோலின் நடுவிலிருந்து தொங்கிய குதிரை வால்மயிரை எதிரே உட்கார்ந்த தங்கை ரோசாலியா ஈரக்கையால் மாற்றி மாற்றி உருவிக்கொண்டிருந்தாள். உருவ உருவப் பீப்பாய் உறுமியது. புயலுக்கு முன்னால் கடல் உறுமுமே, அதே உறுமல். புர்ச்சிபாஸ் என்பார்கள் அந்த வாத்தியத்தை.

 ரோசாலியாதான் சொன்னாள்.

“அக்கா பிடிப்பா ஐயா. நான் வாசிப்பேன், அவ பிடிப்பா.”

“பிடிக்கிறதுன்னா சும்மாவா?” என்றார் பக்கத்து வீட்டு அல்பின், கொம்பில் செய்த பொடிச்சிமிழிலிருந்து மூக்குப்பொடியைக் கட்டைவிரலில் தட்டிக்கொண்டே. “ஒத்திலியா பிடிச்சா பேயே தப்பிக்க முடியாது. அதான் ஒரு மாப்பிள்ளையும் கிட்ட வரல.”

எல்லோரும் சிரித்தார்கள். இசையமைப்பாளரும் சிரித்தார். அதன் பிறகு அவர் பார்வை ரோசாலியாவின் கைகளை விட்டு நகரவில்லை.

அல்பின் வீட்டு மாடி அறையில்தான் அவர் அந்தக் கோடையில் தங்கினார். காலையில் காகிதக் கட்டோடு கரையில் போய் உட்கார்ந்தால் மதியம்வரை எழுந்திருக்க மாட்டார். கடலுக்குக் கடிதம் எழுதுகிறவர் என்று மீனவர்கள் அவருக்குப் பேர் வைத்திருந்தார்கள். அவர் எழுதியது பெரிய வாத்தியக் குழுவுக்கான இசை. வயலின்களெல்லாம் அடங்கிப்போகிற இடத்தில் புர்ச்சிபாஸ் தனியாக உறும வேண்டும். அந்த உறுமலுக்கு ரோசாலியாதான் வேண்டும் என்றார். முதலில் இங்கே ஊரின் தீயணைப்புக் கூடத்தில் வாசித்துக் காட்டுவது, இலையுதிர் காலத்தில் தலைநகர் வார்சாவுக்குப் போவது என்று முடிவாயிற்று.

வார்சா என்றதும் ஒத்திலியா தன் கறுப்புக் கம்பளிப் பாவாடையை எடுத்து உதறி வெயிலில் போட்டாள். தங்கை போனால் அவளும் போகத்தானே வேண்டும்? வாத்தியத்துக்கு இரண்டு பேர் வேண்டும். அப்பாவுக்கு மகன் இல்லாததால் அவர் வாசித்த பீப்பாய் இரண்டு பெண்களுக்குமாக வந்தது. ரோசாலியாவுக்குக் குரல் நன்றாக இருந்தது, சிரித்த முகம் இருந்தது, அவள் வால் பக்கம் உட்கார்ந்தாள். மூத்தவள் பிடித்தாள். ரோசாலியாவுக்குக் கல்யாணம் ஆயிற்று. புருஷன் கடலோடு போனான். அவள் திரும்பி அக்கா வீட்டுக்கே வந்தாள். எது மாறினாலும், எதிரெதிரே முட்டிக்கு முட்டி உட்காருவது மட்டும் மாறவில்லை. வேறு எப்போதும் தங்கையின் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் ஒத்திலியா பார்த்ததில்லை.

ஜூலை மாதம், ஊருக்குப் போயிருந்த வோலிட்ஸ்கி ரயிலில் ஒரு சாமானோடு வந்து இறங்கினார். சாக்குத்துணியைப் பிரித்தால் உள்ளே மூன்று கால் வைத்த ஓக் மரத் தாங்கி. பீப்பாயை அதில் வைத்து, தோல் வாரைப் போட்டு இறுக்கினார்.

“இனிமே நீங்க சிரமப்பட வேண்டாம்மா,” என்றார் ஒத்திலியாவிடம், மனதார. “முன்வரிசையில நிம்மதியா உட்கார்ந்து கேளுங்க.”

ரோசாலியா உருவிப் பார்த்தாள். ஒத்திலியா மனசுக்குள் வேண்டிக்கொண்டாள். சத்தம் வரக் கூடாது, ஓட்டைப் பானை மாதிரி கேட்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். ஆனால் சத்தம் வந்தது. முன்னைவிட நன்றாக வந்தது. இத்தனை வருஷமும் அந்த உறுமல் அவள் விலா எலும்புக்குள்தான் ஓடியிருந்தது. ஊரார் கேட்டது இதைத்தான் என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. அவ்வளவு அழகாக இருந்தது. அவள் விலாவில் மட்டும் ஒன்றுமே இல்லை.

“பாரேன் அக்கா!” ரோசாலியா கைகொட்டினாள். “இதுக்கு முட்டி வலிக்காது, இடையில தும்மல் வராது, மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கவும் தெரியாது. இப்படி ஒருத்தன் கிடைச்சிருந்தா நான் மறுபடி கல்யாணமே பண்ணியிருப்பேன்!”

“கட்டிக்கிட்டு வார்சாவுக்கே போயிடு,” என்றாள் ஒத்திலியா.

“கோவமா?”

“எனக்கென்னடி கோவம்? மீன் கெடக்கு, போறேன்.”

மறுநாள் வேலிக்கு அப்பாலிருந்து அல்பின் எட்டிப் பார்த்தார். “என்ன ஒத்திலியா, உன் வேலைய மரக்கட்டைக்குக் குடுத்துட்டாங்களாமே? ரெண்டு பேருக்கும் ஒரே ஜாடைதான், அதனால வித்தியாசம் தெரியலபோல!”

அவள் மீன் வாட்டும் புகையடுப்பின் கதவைப் படாரென்று சாத்தினாள். அன்றிலிருந்து தங்கை சிரித்தால் வயிறு எரிந்தது. தாங்கிக்கு எண்ணெய் தேய்த்துத் துடைத்தால் எரிந்தது. இசையமைப்பாளரோடு ரோசாலியா கரையில் நடந்து போவதைக்கூட அவளால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. அந்த மூன்று கால் மரத்தின் முன்னால் அவள் முகம் குனிந்து உட்காருவதைத்தான் பார்க்க முடியவில்லை.

கச்சேரி நாளில் க்தான்ஸ்க் நகரத்திலிருந்து வாத்தியக்காரர்கள் ரயிலில் வந்தார்கள். அவர்களுக்குச் சாப்பாடு ஊர்ப் பெண்கள் பொறுப்பு. ஒத்திலியா காலையிலிருந்து விலாங்கு மீனைப் புகையில் பதமாக வாட்டி, தோலை உரித்துத் துண்டு போட்டாள். விலாங்குக் கொழுப்பு லேசில் போகாது. சோப்புப் போட்டுச் சாம்பலும் போட்டுத் தேய்த்தால்தான் போகும். புர்ச்சிபாஸ் வாலைத் தொடுகிறவர்கள் மீன் தொட்ட கையோடு தொடக் கூடாது என்பது அப்பா வைத்த சட்டம். கொழுப்பு ஏறிய மயிரில் கை வழுக்கும், சத்தமே எழும்பாது. ரோசாலியா கச்சேரிக்கு முதல் நாளே மீன் பக்கம் வரமாட்டாள். ஒத்திலியாவுக்கு இந்தச் சட்டம் தேவைப்பட்டதே இல்லை. அவள்தான் வாலைத் தொட்டதில்லையே.

கூடையைத் தீயணைப்புக் கூடத்து வாசலில் வைத்ததும் எல்லோரும் வெளியே புல்லில் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினார்கள். தட்டு எடுக்க அவள் கூடத்துக்குள் போனாள். ஆள் இல்லை. மேடையில் காலி நாற்காலிகள். முன்னால் தாங்கியில் பீப்பாய். வால் நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் கிட்டே போனாள். கை கழுவவில்லை என்பது அவளுக்குத் தெரியும். மேலிருந்து கீழ்வரை ஒரு முறை உருவினாள், குழந்தையின் கூந்தலை உருவுவதுபோல. தங்கையின் கை இத்தனை காலம் போய்வந்த வழி இதுதானா என்று இருந்தது. அதோடு விட்டிருந்தால் ஆசை என்று சொல்லிக்கொள்ளலாம். அவள் மறுபடியும் உருவினாள். விரல்களை இறுக்கிக்கொண்டு, அழுத்தி, நுனிவரை உருவினாள். பிறகு தட்டுகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

கூடம் நிறைந்து வழிந்தது. பங்குச்சாமிகூட வந்திருந்தார். ஒத்திலியா முன்வரிசையில் கைகளை மடியில் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். இசை தொடங்கியது. அதில் நிஜமாகவே கடல் இருந்தது. காலை நேரத்து வழுவழுப்பான கடல், பிறகு காற்று, பிறகு இழுக்கும் வலையின் கனம். ஊர்ப் பாட்டு ஒன்று எங்கோ அடியில் வந்து வந்து மறைந்தது. எல்லாம் அடங்கியது. வோலிட்ஸ்கி ரோசாலியாவைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

ரோசாலியா கிண்ணத்தில் கையை நனைத்து உருவினாள். சத்தம் இல்லை. மறுபடி நனைத்து உருவினாள். சர்க் என்று கை கீழே வழுக்கி வந்தது. தண்ணீர் மயிரில் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டது. அவள் கன்னம் சிவந்துபோயிற்று.

“ரோசாலியா, பால் வருதா?” என்று பின்னாலிருந்து அல்பின் கத்தினார். கூடமே சிரித்தது.

வோலிட்ஸ்கி வாத்தியக் குழுவை நிறுத்தினார். “தாங்கிதான் சரியில்லபோல,” என்று முணுமுணுத்துக்கொண்டு வாரை அவிழ்த்தார். “ஒத்திலியா அம்மா, கொஞ்சம் மேல வாங்க. நீங்களே பிடிங்க.”

எழுந்திருக்காமல் இருந்திருக்கலாம். எழுந்தாள். மேடையில் ஏறி நாற்காலியில் உட்கார்ந்து முழங்கால்களை விரித்தாள். பழைய பாரம் வந்து உட்கார்ந்ததும், வெட்கக்கேடு, அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. தாங்கி ஓரமாக நின்றது. தங்கையின் முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அதில் கண்ணீர் முட்டி நின்றது.

“நல்லாப் பிடி அக்கா,” ரோசாலியா காதோடு சொன்னாள். “என்னால முடியல. நீ இருந்தாத்தான் வரும். எனக்கு அப்பவே தெரியும், சொல்லத்தான் கூச்சமா இருந்துச்சு.”

ஒத்திலியா தலையாட்டினாள். பீப்பாயைக் கைகளாலும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

ரோசாலியா கையை நனைத்து, மூச்சை இழுத்துப் பிடித்து உருவினாள். வழுக்கியது. அவள் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். விரல்களை ஒன்றோடு ஒன்று தேய்த்தாள். மெதுவாக மூக்கருகே கொண்டுபோனாள்.

அவள் கண் அக்காவின் முகத்துக்கு வந்தது. அங்கிருந்து பீப்பாயைக் கட்டிக்கொண்டிருந்த கைகளுக்கு இறங்கியது. நகக்கண்ணில் இன்னும் புகைக்கறுப்பு இருந்தது.

கூடத்தில் சிரிப்பு ஓய்ந்து எல்லோரும் காத்திருந்தார்கள். இசையமைப்பாளரின் கை பாதி உயர்ந்து நின்றது.

ரோசாலியா எழுந்தாள். பாவாடையில் கையைத் துடைத்தாள். நாற்காலி முதுகில் கிடந்த தலைத்துணியை எடுத்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி, வரிசைகளுக்கு நடுவே, யாரையும் பார்க்காமல், வெளியே போனாள்.