பின்சீட்

நர்ஸ் இரண்டாவது முறையும் அத்தையின் இடது கையைத் தொட்டுப் பார்த்தபோது அவன் கட்டிலுக்கு அருகில் நகர்ந்து நின்றான். முதல் முறை தொட்டவர் வழக்கம்போல அடுத்த படுக்கைக்கு நகரவில்லை. முழங்கைக்குக் கீழே, ரத்தக்குழாய் இரண்டை இணைத்துத் தைத்திருந்த இடத்தில் விரல்களை வைத்துக்கொண்டு, பக்கத்து அறையில் யாரோ பேசுவதை ஒட்டுக்கேட்பவர்போலத் தலையைச் சாய்த்தார். அங்கே ரத்தம் விர்ரென்று ஓடும் அதிர்வு விரலுக்குத் தெரிய வேண்டும். அது இருக்கிறவரைக்கும்தான் டயாலிசிஸ் ஊசியை அந்தக் கையில் குத்த முடியும்.

“ஓட்டம் கம்மியா இருக்கு. வீங்கியும் இருக்கு. எதையாவது தூக்குனீங்களாம்மா?”

“இல்லையே.”

“வாளி, பை, பேரப்பிள்ளை?”

“இருந்தாத்தானே தூக்கறதுக்கு” என்றார் அத்தை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டான்.

நர்ஸ் அவன் பக்கம் திரும்பினார். “நீங்க மகனா?”

“மருமகன்.”

“இந்தக் கைக்கு எந்தப் பாரமும் வரக்கூடாது சார். இது அடைச்சுப் போச்சுன்னா கழுத்துல குழாய் போடணும். அப்புறம் வேற இடம் தேடணும். இவங்க வயசுக்கு அதெல்லாம் சுலபமில்ல.”

அவன் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் எந்த மாடியில் லிஃப்ட் நின்றாலும் அவனுக்குத்தான் போன் வரும். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் அந்த போனை இன்னொருவனிடம் கொடுத்துவிட்டு, அத்தையைப் பைக்கின் பின்னால் ஏற்றிக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கும் மேலான தூரம் ஓட்டி வருவான். வேறு வழியில்லை. அத்தைக்கு மூடின வண்டி ஒத்துக்கொள்ளாது. சிகிச்சை முடிந்து காரில் ஏறினால் முதல் வளைவிலேயே வாந்தி. பஸ் அதைவிட மோசம். முகத்தில் காற்று அடித்துக்கொண்டே இருந்தால்தான் அவருக்கு உயிர் நிற்கும். அவன் மனைவிக்கு ஆயத்த ஆடை ஆலையில் ஷிஃப்ட். தைத்து வரும் சட்டைகளில் குறை கண்டுபிடிக்கிற வேலை. அவளுக்கு வண்டியும் ஓட்டத் தெரியாது. ஆகவே மாமியாரும் மருமகனும்.

இருவருக்கும் நடுவில் சண்டை ஒன்றும் கிடையாது. மரியாதை என்று ஆரம்பித்தது பழகிப்போய்ச் சுவராகிவிட்டது, அவ்வளவுதான். ஒரே கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதே அத்தை மகளைக் கூப்பிட்டு, “மாப்பிள்ளைக்கு ஃபேன் வேணுமான்னு கேளு” என்பார். அவனும் அவளைப் பார்த்தே, “வேணாம்னு சொல்லு” என்பான். பைக்கில் ஏறினால் நடுவில் தூது சொல்ல ஆளில்லை. அதனால் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், இருவரும் வாயே திறப்பதில்லை.

அன்று இரவு மனைவி வீட்டையே சோதனை போட்டாள். வாளிகளைப் பரணில் ஏற்றினாள். குக்கரை மேல் அலமாரிக்கு மாற்றினாள். ஜன்னல் கொக்கியைக்கூட அம்மா தொடக்கூடாது என்றாள். அத்தை கையை மடியில் வைத்துக்கொண்டு, குற்றம் சாட்டப்பட்டவர்போல நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவனுக்குத் தூக்கம் வரவில்லை. போன மாதம் அத்தைக்கு இடுப்பு வலி என்று மனைவி வழியாகச் செய்தி வந்தபோது, தெருக்கோடியில் வண்டிச் சீட் தைக்கிறவனிடம் போய், பின்சீட்டுக்கு மெத்தென்று ஸ்பாஞ்ச் வைத்துத் தைத்து வாங்கியிருந்தான். அந்தச் சீட் தைக்கிறவனை எல்லோரும் பஞ்சு என்றுதான் கூப்பிடுவார்கள். புதுச் சீட்டில் கை வைத்தால் மணிக்கட்டு வரைக்கும் புதைந்தது. “உங்க மாமியார் தூங்கிடுவாங்க, பாருங்க” என்று பஞ்சு சிரித்தான். உட்கார்ந்து பார்த்த அத்தை மகள் மூலமாக, “நல்லாத்தான் இருக்குன்னு சொல்லு” என்றார். அந்த ‘தான்’ என்ன சொல்ல வந்தது என்று அப்போது அவன் யோசிக்கவில்லை.

அடுத்த முறை ஆஸ்பத்திரி வாசலில் அத்தை இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றியபோது அவன் கவனித்துவிட்டான். இடது உள்ளங்கையின் குறுக்கே சிவப்பாக ஒரு பள்ளம். அதன் நடுவில் துரு. எதையோ இறுக்கிப் பிடித்து, வெகுநேரம் விடாமல் பிடித்திருந்தால்தான் அப்படி விழும். கேட்க வாய் வரவில்லை. சற்றுத் தள்ளிப் போய் மனைவிக்கு போன் போட்டான்.

“உங்க அம்மா இடது கையில கோடு விழுந்திருக்கு. என்னன்னு கேளு.”

“பக்கத்துலதானே நிக்கறீங்க? நீங்களே கேக்கக் கூடாதா?”

“நீ கேளு.”

ஒரு நிமிஷத்தில் அத்தையின் கைப்பைக்குள் போன் அடித்தது. அவனுக்குப் பத்தடி தூரத்தில் நின்றுகொண்டு அத்தை, “ஒண்ணுமில்லடி… சும்மா… வேலையப் பாரு” என்றார். பேசிக்கொண்டே உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். உள்ளே போனதும் நர்ஸ் மறுபடியும் தலையைச் சாய்த்தார். மறுபடியும் உதட்டைப் பிதுக்கினார்.

மறுநாள் காலையில், அந்தத் துரு பைக்கிலிருந்துதான் வந்திருக்கும் என்ற சந்தேகத்தில், அவன் பைக்கைப் பஞ்சுவின் கடைமுன் நிறுத்தி, அத்தையையும் வரச் சொன்னான். சொன்னது மனைவிதான். சுவரில் உறை உரிந்த சீட்டுகள் வரிசையாகத் தொங்கின. பசை வாடை மூக்கில் ஏறியது. பஞ்சு நீளக் கத்தியைத் தீட்டிக்கொண்டே, “ஏறி உக்காருங்கம்மா. எங்க வலிக்குது, கூச்சப்படாம சொல்லுங்க” என்றான்.

அத்தை பைக்கைப் பார்த்தார். மருமகனைப் பார்க்காமல் அவன் நின்ற திசையைப் பார்த்தார். “மாப்பிள்ளை கொஞ்சம் அந்தப் பக்கம் நிக்கட்டும்.”

அவன் தெருவைத் தாண்டிப்போய் டயர் கடை ஓரத்தில் நின்றான். அங்கிருந்து பேச்சு கேட்கவில்லை, சைகை மட்டும் தெரிந்தது. அத்தை சீட்டில் உட்கார்ந்தார். வலது உள்ளங்கையை நீட்டிச் சரித்துக் காட்டினார், சறுக்குமரம்போல. பிறகு இடது கையைப் பின்னால் கொண்டுபோய்க் கம்பியைப் பிடித்துக் காட்டினார். பஞ்சு தலையில் கை வைத்தான். பிறகு அத்தை ஏதோ சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். அத்தை பல் தெரியச் சிரித்து அவன் பார்த்தது அப்போதுதான். என்னைப் பற்றித்தான் ஏதோ, என்று நினைத்துக்கொண்டான்.

பஞ்சு தெருவைத் தாண்டி வந்தான். சிரிப்பு போயிருந்தது. “சீட் முன்னால சரிஞ்சிருக்கு சார். நான் வச்ச ஸ்பாஞ்சு அமுங்கி அமுங்கி இன்னும் சரிஞ்சிடுச்சு. பிரேக் போடறப்பல்லாம் உங்க முதுகு மேல வந்து விழறாங்க. மருமகன் மேல எப்படிச் சாயறதுன்னு, பின்னால இருக்கற கம்பியப் பிடிச்சு, தன்னைத்தானே இழுத்துக்கிட்டு வந்திருக்காங்க. வழி முழுக்க.”

“இடது கையாலயா?”

“வலது கையில பையாம். உங்க டிஃபன் பாக்ஸாம்.”

அவன் டயர்களையே பார்த்துக்கொண்டு நின்றான். எத்தனை முறை பிரேக் போட்டிருப்பான்? மாடு, பள்ளம், பஸ், சிக்னல். ஒவ்வொரு முறையும் அவன் முதுகுக்கு ஒரு சாண் பின்னால் அந்தக் கை வெட்டி இழுத்திருக்கிறது. அத்தை ஒழுங்காக உட்கார்ந்து வருகிறார் என்று நினைத்திருந்தான்.

அன்று முழுக்க வேலை நடந்தது. அத்தை வீட்டுக்குப் போக மாட்டேன் என்று ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். டைப்பிஸ்ட்டாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். “காலம் முழுக்க நாற்காலியிலயே உக்காந்தவ நான். மெத்துன்னு இருக்கற நாற்காலிதான் முதல்ல முதுக முறிக்கும்” என்று பஞ்சுவிடம் சொன்னார். பஞ்சு பழைய ஸ்பாஞ்சைப் பிய்த்தெடுத்துவிட்டு, அழுத்தினால் அரை விரல் மட்டும் உள்வாங்குகிற கெட்டி ஸ்பாஞ்சை வைத்தான். முன்பக்கத்தை உயர்த்தித் தளத்தைச் சமமாக்கினான். வழுக்கும் உறையை மாற்றிச் சொரசொரப்பான உறை தைத்தான். கால் வைக்கும் கட்டையை மேலே ஏற்றினான். பின்னால் முதுகு சாய ஒரு சிறிய பலகை. அத்தை ஏறி இறங்கி, ஏறி இறங்கி, “இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்” என்று பஞ்சுவை உண்டு இல்லை என்று ஆக்கினார்.

அடுத்த பயணத்தில் அவன் பிரேக் போட்டான். ஒன்றுமே இல்லை. முன்பெல்லாம் பிரேக் போட்டதும் வண்டியில் ஒரு சின்ன உதறல் வரும். அது அத்தை கம்பியை இழுப்பது என்று இப்போதுதான் தெரிகிறது. இனி அது கிடையாது. கண்ணாடியில் ஹெல்மெட்டின் ஓரம் மட்டும் தெரிந்தது. நர்ஸ் கையைத் தொட்டுப் பார்த்து, “வீக்கம் கொஞ்சம் வத்தியிருக்கு. ஆனா இப்பவே எதுவும் சொல்ல முடியாது. அடுத்த வாரம் ஸ்கேன் பண்ணிடலாம்” என்றார். அவன் நிம்மதிப்படலாமா என்று தெரியாமல் தலையாட்டினான்.

திரும்பி வருகையில் ஊர் எல்லையைத் தாண்டியதும் கண்ணாடியில் ஹெல்மெட் இல்லை. கண்ணாடியைத் திருப்பினான். வானம் தெரிந்தது, மரம் தெரிந்தது. அத்தை தெரியவில்லை. முதுகில் எந்தச் சுமையும் இல்லை, வண்டி வெறும் வண்டியாக ஓடுகிறது என்று தோன்றியது. எங்கே விழுந்தார்? எந்தப் பள்ளத்தில்? மனைவியிடம் என்ன சொல்வது? வண்டியை ஓரம் கட்டித் திரும்பிப் பார்த்தான்.

அத்தை இருந்தார். பலகையில் முதுகைச் சாய்த்து, தலை ஒரு பக்கமாகத் தொங்க, வாய் லேசாகத் திறந்து, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். பஞ்சு சொன்னது பலித்துவிட்டது. ஒரு வளைவு வந்திருந்தால் அப்படியே சரிந்திருப்பார்.

“அத்தை! அத்தை!”

அவர் திடுக்கிட்டு விழித்தார். அவன் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

“அசந்துட்டேன் போல. ரொம்ப நாளாச்சு இப்படி உக்காந்து.” ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டார்.

“பெல்ட் விக்குதாம். என்னோட சேர்த்துக் கட்டிக்கற மாதிரி…”

“கட்டறதெல்லாம் வேணாம் மாப்பிள்ளை. நீங்க விழுந்தா நானும் விழணுமா?” கொஞ்சம் யோசித்தார். “நான் பேசிக்கிட்டே வர்றேன். சத்தம் நின்னா வண்டிய நிறுத்துங்க.”

என்ன பேசுவது என்று தெரியாமல், அத்தை கண்ணில் பட்ட போர்டுகளைப் படிக்க ஆரம்பித்தார். வேகத்தைக் குறைத்தபோது ஒவ்வொரு எழுத்தும் காதில் விழுந்தது. “இரும்புக் கடை. சலூன். பல் மருத்துவர், ‘மருத்துவர்’ல புள்ளி விட்டுட்டான். இங்கே சிறுநீர் கழிக்காதீர்… ஐயோ, இத வேற படிச்சுத் தொலைச்சேன்.” அவன் ஹெல்மெட்டுக்குள் சிரித்தான். தோள்கள் குலுங்கியது அத்தைக்குத் தெரிந்திருக்கும். இன்னும் உரக்கப் படித்தார்.

பிறகு கடைகள் தீர்ந்தன. இரண்டு பக்கமும் வெறும் பொட்டல். ஒரு போர்டு இல்லை, மைல்கல்கூட இல்லை. குரல் நின்றது. அவன் கால் தானாகப் பிரேக்கைத் தேடியது.

“முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றார் அத்தை. “படிக்க ஒண்ணுமில்ல. நீங்க ஏதாவது சொல்லுங்க. நான் ம் கொட்டறேன்.”

அவன் வாழ்நாளில் யாருக்கும் கதை சொன்னதில்லை. தொண்டையைச் செருமினான். “நேத்து ஒரு லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சு.”

“ம்.”

“உள்ள ஒரு புருஷன் பொண்டாட்டி. மாட்டிக்கிட்டாங்க.”

“ம்.”

“பயங்கர சண்டை. நான் மேல மோட்டார் ரூம்ல இருக்கேன். அங்க வரைக்கும் கேக்குது.”

“ம்.” இந்த முறை அதில் கொஞ்சம் ருசி இருந்தது.

“திடீர்னு சத்தமே இல்ல. எனக்குப் பகீர்னுடுச்சு.”

அப்போது எதிரே லாரிகள் வந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, முடிவே தெரியாத வரிசை. முதல் லாரியின் இரைச்சலும் புழுதியும் ஹெல்மெட்டுக்குள் புகுந்து காதை அடைத்தன. பின்னாலிருந்து ம் வந்ததா வரவில்லையா என்று அவனுக்குத் தெரியவில்லை. இன்னொரு லாரி. அதன் பின்னால் இன்னொன்று. இரண்டு லாரிகளுக்கு நடுவே கிடைக்கும் அந்தச் சின்ன அமைதிக்காக, சொல்ல வந்த அடுத்த வாக்கியத்தை வாயிலேயே வைத்துக்கொண்டு, வேகத்தை நடை அளவுக்குக் குறைத்து, கழுத்தைப் பின்னால் சாய்த்தபடி ஓட்டினான்.