அத்தான் போனை வைக்கவில்லை

என் அக்காவின் கணவருக்குக் குரல் கிடையாது. தொண்டையில் வந்த கட்டியை எடுக்கும்போது குரல்வளையையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். ஆள் பிழைத்துக்கொண்டார், அதுவே பெரிய காரியம். ஆனால் அவர் பார்த்து வந்ததோ பேச்சு வேலை. தண்ணீர் பம்பு செய்கிற ஒரு கம்பெனியில், பம்பு ஓடவில்லை என்று கூப்பிடுகிறவர்களிடம் போனிலேயே விவரம் கேட்டு, கோளாறு எங்கே என்று கண்டுபிடித்து, அவர்கள் கையாலேயே சரிசெய்ய வைப்பது.

கம்பெனி அவரைக் கைவிடவில்லை. வீட்டிலிருந்தே செய்யட்டும் என்று ஒரு கம்ப்யூட்டர் கொடுத்தது. அத்தான் தமிழில் தட்டுவார். கம்ப்யூட்டர் அதை ஓர் ஆண்குரலில் படித்து, கூப்பிட்டவர் காதில் போடும். அடிக்கடி சொல்ல வேண்டியவற்றை விசைப்பலகையின் மேல்வரிசையில் பொத்தானுக்கு ஒன்றாகப் பதிந்து வைத்துக்கொண்டார். 'வணக்கம், சொல்லுங்க' ஒன்று. 'ஸ்விட்சை அணைச்சிட்டீங்களா?' ஒன்று. 'தயவுசெஞ்சு கையை உள்ளே விடாதீங்க' ஒன்று. அதற்கென்றே ஒரு பொத்தான் வேண்டியிருந்தது என்பதிலிருந்து ஜனங்களைப் புரிந்துகொள்ளலாம். இப்படி இன்னும் சில.

"குரல் புது மாப்பிள்ளை மாதிரி இருக்கு. யாரோ அந்நிய ஆள் வீட்டுக்குள்ள வந்துட்டாப்ல எனக்குத்தான் கூச்சமா இருக்கு" என்று அக்கா கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு பழகிவிட்டது.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது கம்ப்யூட்டர் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. அப்டேட் முடிந்து வெள்ளைத்திரையில் 'எல்லாம் தயார்' என்று வந்தது. அன்றைக்கே முதல் அழைப்பின் நடுவில் திரை நீலமாகி, 'ஒரு கோளாறு, மறுபடி தொடங்குகிறேன்' என்று எழுதிக் காட்டிவிட்டு அணைந்தது. தானாகவே எழுந்தது. அடுத்த அழைப்பில் மறுபடி விழுந்தது. சில அழைப்புகள் தப்பித்தன, பல அறுந்தன.

வாரம் திரும்புவதற்குள் கம்பெனியின் மேனேஜர் அம்மா அக்காவுக்குப் போன் செய்தார்.

"நாங்க பேசிட்டிருக்கும்போதே அவர் போனை வெச்சுடறாருன்னு புகார் வருதும்மா."

"அவர் வைக்கலைங்க. கம்ப்யூட்டர் வைக்குது."

"பேசறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதானேம்மா?"

அவர் கெட்டவர் இல்லை. வெள்ளிக்கிழமை காலை தானே லைனில் இருந்து ஓர் அழைப்பை முழுக்கக் கேட்பதாகச் சொன்னார். அன்றைக்கும் அறுந்தால், கிடங்கில் உதிரிப்பாகங்களுக்குச் சீட்டு ஒட்டும் வேலை இருக்கிறது, சம்பளம் குறையாது, யாரோடும் பேச வேண்டிய சிரமமும் இல்லை என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

நான் வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டுப் போனேன். அத்தான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் தட்டினார். புது மாப்பிள்ளைக் குரல் ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னது: "வா மாப்ளே. அந்தக் கிடங்குக்குப் போனா நான் நிஜமாவே ஊமை."

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஓர் அலுவலகத்தில் புகார்களுக்குப் பதில் கடிதம் எழுதுவது என் வேலை. ஆனால் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மாற்றியதும் பார்க்க வேண்டும், பலன் இல்லையென்றால் பழையபடி வைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும் என்ற அளவுக்கு ஒழுங்கு உண்டு. பிரிண்டரைப் பிடுங்கினேன், அடுத்த அழைப்பில் விழுந்தது. பிரிண்டரை மாட்டிவிட்டு ஹெட்போனை மாற்றினேன், விழுந்தது. சூடாகிறதோ என்று அக்காவின் டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து அதன் முதுகுக்குப் பின்னால் வைத்தேன். சுகமாகக் காற்று வாங்கிக்கொண்டே விழுந்தது. கடைசியில் அப்டேட்டையே நீக்கிப் பார்த்தேன். கம்பெனியின் அழைப்பு நிரல், 'பழைய பதிப்பில் திறக்க மாட்டேன்' என்று கதவைச் சாத்திக்கொண்டது. மறுபடி அப்டேட் போட்டேன்.

அதன்பிறகுதான் பக்கத்துத் தெரு கம்ப்யூட்டர்காரரைக் கூப்பிட்டோம். எந்த நோய்க்கும் முதல் மருந்தாக அணைத்துப் போடச் சொல்வதால் அந்த வட்டாரத்தில் அவருக்கு ரீஸ்டார்ட் என்று பெயர். அது அவருக்கும் தெரியும்.

"ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா சார்?" என்று கேட்டுக்கொண்டேதான் செருப்பைக் கழற்றினார்.

"அதுவே பண்ணிக்குதுங்க. அதுதானே கோளாறு!"

சிரித்தார். பிறகு சிரத்தையாக வேலை பார்த்தார். நினைவகத்தைக் கழற்றித் துடைத்து மாட்டினார், வைரஸ் தேடினார், குரல் நிரலைப் புதிதாகப் போட்டார். சோதனைக்காகச் செய்தித்தாளிலிருந்து ஒரு நீளமான கட்டுரையை எடுத்துப் படிக்க விட்டார். பருவமழை, பாலம், பட்ஜெட் என்று கம்ப்யூட்டர் மூச்சுவிடாமல் படித்தது. விழவே இல்லை.

"குதிரை மாதிரி ஓடுது சார்" என்றார் ரீஸ்டார்ட்.

அக்கா எல்லாருக்கும் டீ கொண்டுவந்தாள். வந்தவள் சும்மா போகாமல், மாடி வீட்டுக்காரர்கள் துணியைப் பிழியாமல் காயப்போடுவதையும், அந்தத் தண்ணீர் நேராக நம் ஜன்னலில் சொட்டுவதையும், அதைச் சொல்லப் போனால் அந்தம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் அத்தானிடம் சொல்ல ஆரம்பித்தாள். முகத்தைத் திருப்பிய இடம் வருவதற்குள் திரை நீலமாகிவிட்டது.

ரீஸ்டார்ட் டீயைக் கீழே வைத்தார். "தப்பா நினைச்சுக்காதீங்கக்கா. நீங்க பேசினதும்தான்..."

"ஏன்டா, கடைசியில என் தலையிலயா விடியுது?" என்று அக்கா என்மேல் பாய்ந்தாள். சொன்னவர் அவர், வாங்கிக்கொண்டது நான்.

"பழி இல்லக்கா, சோதனை. இன்னொரு தடவை பேசு."

"பேசுன்னா? எதைப் பேச?"

இதற்குள் எழுந்துவிட்ட கம்ப்யூட்டரில் அத்தான் தட்டினார்: "கல்யாணம் ஆனதிலிருந்து இந்தக் கேள்வியை இன்னைக்குத்தான் கேக்கறா."

அக்கா முறைத்துவிட்டு, பிழியாத துணியை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். விழுந்தது. அவள் குரல் மைக்கில் போய் ஏதாவது செய்கிறதோ என்று ரீஸ்டார்ட் மைக்கையே பிடுங்கினார். அக்கா பேசினாள். விழுந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றாள். விழவில்லை.

"இது என் படிப்புல இல்ல சார்" என்றார் ரீஸ்டார்ட், தலையைச் சொறிந்துகொண்டு.

எனக்கு அப்போதுதான் மேனேஜர் அம்மா சொன்னது உறைத்தது. புகார்க் கடிதம் படித்துப் பழகினவனுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். புகார் சொன்ன எல்லாரும் ஒரே மாதிரி சொல்லியிருக்கிறார்கள்: 'நாங்க பேசிட்டிருக்கும்போது'. அவர் பேசும்போது அறுந்தது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. செய்தித்தாள் படிக்கும்போது கம்ப்யூட்டர் விழாததும் அதனால்தான். அப்போது பேசியது அதுதான்.

"அத்தான், அடுத்தவங்க பேசறப்போ நீங்க என்ன பண்றீங்க?"

"கேக்கறேன்" என்று தட்டினார்.

"காது கேக்குது. கை என்ன பண்ணுது?"

அத்தான் தன் கையை யாரோ ஒருவர் கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். வலதுகைச் சுண்டுவிரல் மேல்வரிசையின் கடைசிப் பொத்தான்மேல் படுத்திருந்தது. அவர் அதை வைக்கவில்லை, அதுவாகப் போய்ப் படுத்திருந்தது. மெதுவாக ஒரு தடவை அழுத்தினார். உடனே ஒன்றும் ஆகவில்லை. மூச்சைப் பிடித்த மாதிரி சிறிது நின்றது. பிறகு நீலம்.

"அதுல என்னங்க வெச்சிருக்கீங்க?" என்றாள் அக்கா.

கம்ப்யூட்டர் எழுகிற வரைக்கும் பொறுக்காமல் அத்தான் ஒரு பேனாவை எடுத்து, செய்தித்தாளின் ஓரத்தில் எழுதிக் காட்டினார்:

ம்ம்ம்.

வேறென்ன? எதிராளி பேசினால் நடுநடுவே 'ம்' கொட்ட வேண்டாமா? கொட்டாவிட்டால், 'ஹலோ, லைன்ல இருக்கீங்களா?' என்று கேட்டுவிடுகிறார்கள். அப்டேட்டுக்கு முன்னால் அந்தப் பொத்தான் ஒழுங்காக முனகிக்கொண்டிருந்தது. அழைப்பு நேரத்தில் சத்தம் எதிராளி காதுக்குத்தான் போகும் என்பதால், அது நின்றுபோனது அத்தானுக்குத் தெரியவில்லை. தலையாட்டுவதைப் போல, அழுத்துவதே அவர் நினைப்பில் இல்லை.

அக்காவுக்குக் கோளாறு பிடிபடுவதற்கு முன்பே வேறொன்று பிடிபட்டது. "அப்போ நான் இங்க வந்து மனசுவிட்டுப் பேசினதுக்கெல்லாம் ஒரு சுண்டுவிரலா?"

அத்தான் மறுபடி பேனாவை எடுத்தார். 'முன்னாடி தொண்டையில போட்டேன். இப்ப விரல்ல போடறேன்.'

அக்கா அதைப் படித்தாள். இரண்டாம் தடவையும் படித்தாள் என்று நினைக்கிறேன். "தொண்டையில போட்டப்போ மட்டும் கேட்டீங்களாக்கும்" என்று சொல்லிவிட்டு, காலி டம்ளர்களைப் பொறுக்கினாள். என் டம்ளரில் இன்னும் டீ இருந்தது.

ரீஸ்டார்ட் சுறுசுறுப்பாகிவிட்டார். 'ம்' என்று தட்டினார், விழுந்தது. 'க்க்க்' என்று தட்டினார், விழுந்தது. 'அம்மா' என்று தட்டினார்; அம்மா என்றது.

"புள்ளி வெச்ச எழுத்து மட்டும் தனியா வந்தா சாகுது சார்."

"மெய்யெழுத்துங்க அது. உயிர் இல்லாம தனியா நிக்காதுன்னு இலக்கணத்துல உண்டு" என்றேன். பரீட்சைக்கு மனப்பாடம் செய்தது இவ்வளவு காலம் கழித்து ஒரு வேலைக்கு ஆனது.

"அதேதான் சார். உயிர் இல்லாததால, அப்டேட்டுக்கு அப்புறம் குரல் நிரல் அதுல ஒலியே உண்டாக்கறதில்ல. வெறும் பொட்டலத்தை அனுப்புது. ஒலியை வெளியே அனுப்பற பழைய டிரைவர் நிரல் அப்படி வந்ததைத் தூக்கிப் போட்டிருக்கும். அப்டேட்ல வந்த புது டிரைவர் பிரிச்சுப் பாக்குது, உள்ளே ஒண்ணும் இல்லைன்னதும் மயக்கம் போட்டு மொத்தத்தையும் இழுத்துட்டு விழுது. இதைச் செஞ்சவங்கதான் சரிபண்ணணும். நாம எழுதிப் போடலாம்."

எழுதிப்போடுவது என் பொறுப்பு என்று ஒத்துக்கொண்டேன். ஆனால் நாளைக் காலைக்கு என்ன செய்வது? 'ம்' இடத்தில் வேறு ஏதாவது வைக்க வேண்டும்.

"'சரி'ன்னு வெச்சிடுங்க" என்றார் ரீஸ்டார்ட்.

அத்தான் தலையை ஆட்டி மறுத்துத் தட்டினார்: "புது பம்பு குடுங்கன்னு கேப்பாங்க. சரின்னு சொல்லிட்டா வேலை போச்சு."

"'ஆமா'?"

"உங்க பம்பு மட்டமானதுன்னு திட்டுவாங்க. ஆமான்னா?"

"'அப்படியா' நல்லாருக்குமே" என்றாள் அக்கா, கோபத்தை மறந்து.

ஒத்திகை பார்த்தோம். நான் வாடிக்கையாளராக நின்று, பம்பு ஓடவில்லை என்றேன். "அப்படியா" என்றது கம்ப்யூட்டர். நேற்றுத்தான் வாங்கினேன் என்றேன். "அப்படியா" என்றது. எனக்கே அதை ஒரு குத்து விடலாம் போலிருந்தது. ஏற்ற இறக்கம் இல்லாத அந்தக் குரலில், 'நீ புளுகுறே' என்று சொல்வதுபோல இருந்தது.

"முன்னால ஓர் உயிர் போட்டா என்ன?" என்றேன். "'உம்'னு."

அத்தான் தட்டினார். "உம்" என்றது. நின்றோம், மூச்சைப் பிடித்துக்கொண்டு. திரை நீலமாகவில்லை. திரும்ப அழுத்தினார். விடாமல் அழுத்தினார். "உம். உம். உம்." பசுமாடு மாதிரி அது சொல்லிக்கொண்டே போக, ரீஸ்டார்ட் முதலில் சிரித்தார், பிறகு அக்கா, பிறகு நான். அத்தான் சிரித்தால் சத்தம் வராது. தோள் மட்டும் குலுங்கும். குலுங்கியது.

வெள்ளிக்கிழமை காலை வந்தது ஒரு தோட்டக்காரரின் அழைப்பு. மேனேஜர் அம்மா லைனில் இருந்தார். நாங்களும் கேட்கட்டும் என்று அத்தான் ஒலிபெருக்கியைப் போட்டிருந்தார். அக்காவும் நானும் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தோம்.

"மோட்டார் ஓடுதுங்க, தண்ணி மட்டும் வரலை. முந்தாநாள் வரைக்கும் வந்துச்சு..."

"உம்."

அக்கா என் முழங்கையைப் பிடித்தாள். திரை அப்படியே இருந்தது.

"நேத்து என் சகலை வந்தாருங்க. அவருக்கு எல்லாம் தெரியும்னு அவருக்கு நினைப்பு. வேணாம்னேன். கேக்கறவரா? சம்சாரம் வேற, 'எங்க அக்கா வீட்டுக்காரர் கை வெச்சா சரியாயிடும்'ங்கறா..."

"உம்."

அந்த மனிதர் சகலையின் பெருமைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அத்தான் சரியான இடத்தில் 'உம்' போட்டுக்கொண்டே போனார். ஒவ்வொரு 'உம்'முக்கும் அக்காவின் நகம் என் முழங்கையில் இறங்கியது. மனிதர் நிறுத்தியதும் அத்தான் தட்டினார்: "உங்க சகலை பம்பு தலையில இருக்கற மூடியைத் திறந்தாரா?"

"திறந்தாரே! எப்படிங்க தெரியும்?"

"மூடினப்போ ரப்பர் வளையத்தைப் போட்டாரா?"

அந்தப் பக்கம் ஆள் நடந்து போகிற சத்தம். பிறகு, "தரையில கிடக்குதுங்க" என்றது குரல், அளவில்லாத சந்தோஷத்தோடு.

ஸ்விட்சை அணைக்கச் சொல்லி, கையை உள்ளே விடாதீர்கள் என்று சொல்லி, வளையத்தை வைத்து, தண்ணீர் நிரப்பி மூடச் செய்தார் அத்தான். மோட்டார் ஓடியது. இருமியது. பிறகு தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் எங்கள் அறை முழுக்கக் கேட்டது. தோட்டக்காரர் நன்றிகூடச் சொல்லவில்லை, "ஏய், உங்க அக்கா வீட்டுக்காரர் பண்ணின வேலையை இங்க வந்து பாரு!" என்று கூவிக்கொண்டே போனை வைத்தார். இந்தத் தடவை வைத்தது அவர்தான்.

மேனேஜர் அம்மாவின் குரல் வந்தது. சிரிப்பை அடக்கியிருந்தார் என்று தெரிந்தது. "அவ்வளவும் பொறுமையா கேட்டீங்க சார். நானா இருந்தா சகலை பேச்சு வந்ததுமே போனை வெச்சிருப்பேன். புகார் வந்ததும் குறைச்சு வெச்ச உங்க அழைப்பு வரிசையைத் திங்கட்கிழமையிலிருந்து பழையபடி முழுசா திறந்துடறேன். கிடங்குக்கு வேற ஆளைப் பாத்துக்கறோம்."

அத்தானின் கைகள் விசைப்பலகைமேல் நின்றன. எதையும் அழுத்தவில்லை.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

அவர் பொத்தானை விட்டுவிட்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். "இருக்கேன்மா. திங்கள் வரைக்கும் எதுக்கு? யாராவது காத்திருந்தா இப்பவே விடுங்க."

அக்கா என் முழங்கையை விட்டாள். எழுந்து நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கம்ப்யூட்டரில் மணி அடித்தது. அத்தான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, எங்கள் இருவரையும் வெளியே போகச் சொல்லிக் கையை ஆட்டினார்.