முப்பத்தெட்டு புள்ளி இரண்டு

இந்தக் காலத்தில் எவனும் 'எனக்குத் தெரியாது' என்று நேராகச் சொல்வதில்லை. 'சிஸ்டம் டவுன்' என்கிறான். மருந்துக் கடையில் போய் நின்றால் அதுதான், ரயில் டிக்கெட் வாங்கப் போனால் அதுதான். சுடுகிற இடத்திலாவது வேறு பேச்சு இருக்கும் என்று கொக்கியார் நினைத்திருந்தார். மின் தகனக் கூடத்து ஆபரேட்டர் கணினியின் பொத்தானை ஐந்தாம் தடவையாக அமுக்கிவிட்டு, அதே இரண்டு வார்த்தையைத்தான் சொன்னான்.

"அமுக்கறதைத் தவிர வேற ஏதாவது தெரியுமாப்பா உனக்கு?"

"கரண்ட் போயிட்டு வந்துச்சு பெரியவரே. அதுல படுத்துருச்சு. கம்ப்யூட்டர் சொன்னாத்தான் உலைக் கதவு திறக்கும். கம்பெனி ஆளு வந்துட்டு இருக்காங்க."

உலைக் கதவுக்கு முன்னால், எடை பார்க்கும் மேடையின் இரும்புத் தட்டில், அவருடைய தம்பி கிடந்தான். ஆஸ்பத்திரியில் கழுத்துவரை கனத்த துணியால் சுற்றிக் கட்டி அனுப்பியிருந்தார்கள். முகம் மட்டும் வெளியே தெரிந்தது. உப்பிய முகம். மணி நாலேகால். ஆறு மணிக்குக் கூடத்தைப் பூட்டிவிடுவார்கள், நாளைக்கு விடுமுறை. அதற்குள் இந்தக் கதவு திறக்கவில்லை என்றால் தம்பியைத் திரும்பவும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் குளிர் அறை இழுப்பறைக்குள் தள்ள வேண்டும். காலையில் அவனை அதிலிருந்து வெளியே இழுத்ததைக் கொக்கியார் பார்த்திருந்தார். இன்னொரு தடவை அதைப் பார்க்க அவர் தயாராக இல்லை.

தம்பி மகன் சுவரோரம் நின்று கைப்பேசியைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"டென்ஷன் ஆகாதீங்க பெரியப்பா. ஆள் வந்ததும் சரியாயிடும்."

"செத்தது உன் அப்பன். டென்ஷன் எனக்கு. நல்லா இருக்குடா நியாயம்."

அண்ணன் தம்பி இருவரும் ஒரே கிடங்கில் நாற்பது வருஷம் மூட்டை தூக்கியவர்கள். இவர் இடுப்பிலிருந்து இரும்புக் கொக்கி இறங்காது, அதனால் கொக்கி. தம்பிக்குத் தூண் என்று பெயர். முதுகில் மூட்டையை வைத்துக்கொண்டே நின்று ஊர்க்கதை பேசுவான். பேச்சு முடிந்த பிறகுதான் இறக்குவான். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் கிடங்குத் தராசில் ஏறி நின்று விளையாடுவார்கள். தூண் ஏறினால் தொண்ணூற்றிரண்டு கிலோ. அதற்குக் கீழே இறங்கியதே இல்லை. போன வருஷம் மகன் அழைத்தான் என்று அவனோடு போய்ச் சேர்ந்தான்.

ரிப்பேர் பார்க்க வந்தது ஒரு பெண். முப்பது வயது இருக்கும். ஒரு கையில் ஹெல்மெட், தோளில் பை.

"உன்னையா அனுப்பினாங்க?"

"ஆமாய்யா. மத்தவங்க யாரும் போனை எடுக்கல."

கொக்கியாருக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. ஆனாலும் நம்பவில்லை.

அவள் கறுத்துக் கிடந்த திரையைப் பார்த்தாள். பிறகு பெட்டியின் பின்பக்கம் குனிந்தாள். "ஸ்கிரீன்ல ஒண்ணும் வராது. இதை வச்சவங்க பூட் லோடரை சீரியல் போர்ட் பக்கம் திருப்பி விட்டிருக்காங்க. அது பேசறது, கேக்கறது எல்லாம் இந்த ஓட்டை வழியாத்தான்."

"யாரது பூட் லோடர்?"

"ஆளு இல்லய்யா, புரோகிராம். உள்ள லினக்ஸ்னு பெரிய புரோகிராம் தூங்கிட்டு இருக்கும். அதை எழுப்பி விடறது இது. அஞ்சு எண்ணும். அதுக்குள்ள யாராவது பட்டனைத் தட்டினா, என்ன வேணும்னு கேட்டுட்டு நின்னுடும். யாரும் தட்டலைன்னா லினக்ஸை எழுப்பி விட்டுட்டு ஒதுங்கிரும்."

"எவ்வளவு நேரம் நிக்கும்?"

"பதில் சொல்ற வரைக்கும்."

அந்த ஓட்டையில் ஏற்கெனவே எடை மேடையின் வயர் செருகியிருந்தது. அதை உருவிவிட்டுத் தன் மடிக்கணினியின் வயரைச் செருகிப் பொத்தானை அமுக்கினாள். மடிக்கணினியில் வரிவரியாக எழுத்து ஓடியது. ஐந்து, நாலு, மூன்று. பெரிய திரை பளிச்சென்று விழித்தது. ஆபரேட்டர் கையைத் தட்டப் போனான். அதற்குள் திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது: எடை மேடை இணைக்கப்படவில்லை.

"எடை தெரியாம அது உலையை மூட்டாது," என்றான் ஆபரேட்டர்.

தன் வயரை எடுத்துவிட்டு மேடையின் வயரைத் திரும்பச் செருகினாள். மறுபடி அமுக்கினாள். மறுபடி கறுப்பு.

கொக்கியார் பின்னாலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "நீ உருவினா எந்திரிக்குது, சொருகினா படுக்குது. அந்த வயர்தாம்மா வம்பு."

"வயர் நல்லாத்தான்யா இருக்கு."

"நல்லா இருந்தா அது என்ன சொல்லுதுன்னு கேளேன்."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். மேடையின் வயரைக் கழற்றி மடிக்கணினியில் செருகினாள். திரையில் ஒரு எண் வந்தது. அதன் கீழே அதே எண். அதன் கீழேயும் அதே எண். நிற்கவில்லை.

38.2
38.2
38.2

"அட," என்றாள். "மேடை காலியா இருந்தா சும்மா இருக்கும். ஆளைப் படுக்க வச்சா விடாம எடையைச் சொல்லும். பூட் லோடருக்கு எடைன்னு தெரியுமா? யாரோ பட்டனைத் தட்டறாங்கன்னு நெனச்சு நின்னுடுது. இந்த வயர் ரெண்டாவது போர்ட்லல்ல இருக்கணும்?"

"அது போன வாரம் கருகிப் போச்சு," என்றான் ஆபரேட்டர். "நான்தான் இதுல மாத்தினேன். அப்புறம் இன்னைக்குத்தான் கரண்ட் போச்சு."

கொக்கியார் காதில் எதுவும் விழவில்லை. எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தட்டோட சேத்தா இது?"

"தட்டைக் கழிச்சுத்தான்யா காட்டும்."

"துணி?"

"அது சேந்துதான்யா."

கொக்கியார் திரும்பித் தம்பி மகனைப் பார்த்தார். அவன் கைப்பேசி பைக்குள் போயிருந்தது. ஞாயிறுதோறும் அந்தக் கைப்பேசியிலிருந்துதான் பேசுவான். நல்லா இருக்காரு பெரியப்பா. நல்லா சாப்பிடறாரு. குடுடா பேசறேன் என்றால், தூங்கறாரு. புறப்பட்டு வரேன் என்றால், எதுக்கு இவ்வளவு தூரம் அலையணும், நானே கூட்டிட்டு வரேன். மூன்று மாதமாக இதே பேச்சு.

"ஆறு மணிக்குள்ள ஆகணும்மா," என்றார் கொக்கியார், பார்வையை எடுக்காமல். "என்ன செய்யணும்?"

"அந்த போர்ட்டைக் கேக்காதேன்னு எழுதி வைக்கணும். பாஸ்வேர்டு வேணும், அது இன்னைக்குக் கிடைக்காது. எந்திரிச்ச பிறகு வயரைச் சொருகினா ஏத்துக்காது, எந்திரிக்கும்போதே இருக்கணும். இந்த வயரோட ஊசியெல்லாம் வளைஞ்சு போச்சு. இப்பச் சொருகினா இன்னொரு தடவை உருவ முடியாது." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவரைக் கொஞ்சம் தூக்கிட்டாப் போதும்யா. அஞ்சு எண்ணுற வரைக்கும்."

ஆபரேட்டர் வெளியே ஆள் கூப்பிடப் போனான். கொக்கியார் காத்திருக்கவில்லை. தட்டுக்கும் துணிக்கும் நடுவில் இரண்டு கையையும் நுழைத்தார். மகன் அவசரமாக வந்து கால்பக்கம் குனிந்தான்.

"கையை எடு."

"பெரியப்பா, உங்களுக்கு முதுகு..."

"எடுடா கையை."

மூட்டை தூக்குகிறவன் தூக்குவதற்கு முன்பே உடம்பை அந்தப் பாரத்துக்குத் தயார் செய்துகொள்வான். கொக்கியார் உடம்பு தூணுக்குத் தயாரானது. தூக்கிய வேகத்தில் ஒரு எட்டு பின்னால் போய்விட்டார். துணிக்குள்ளே முழங்கால் எலும்பு அவர் கைமூட்டில் இடித்தது.

அவள் வயரைச் செருகி அமுக்கினாள். வாய்க்குள் எண்ணினாள். திரை விழித்தது. சிவப்பு வரி வரவில்லை. உலையின் விசிறி மட்டும் உறுமத் தொடங்கியது.

"வைக்கலாம்யா."

அவர் நின்றுகொண்டிருந்தார்.

"ஐயா, இப்ப வைக்கலாம்."

"தெரியும்," என்றார் கொக்கியார். பிறகும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வைத்தார்.

கதவு திறந்து தட்டு உள்ளே போனபோது மணி ஐந்தடிக்கப் பத்து நிமிஷம். கதவு மூடிய பிறகுதான் மகன் வாயைத் திறந்தான்.

"வியாதி அப்படி பெரியப்பா. கடைசியில தண்ணி கூட இறங்கல. டாக்டரைக் கேட்டுப் பாருங்க, எழுதிக் குடுத்திருக்காரு."

"நல்லா சாப்பிடறாருன்னு எவன் சொன்னான்? டாக்டரா?"

"நீங்க கவலைப்படுவீங்கன்னு... அப்பாவே சொல்லாதேன்னாரு. என்னை இப்படிப் பாக்கக் கூடாதுன்னாரு."

"செத்தவனைச் சாட்சிக்குக் கூப்பிடறியா? வசதியா இருக்கும். வந்து இல்லைன்னு சொல்லவா போறான்."

மகன் அழுதான். அந்த அழுகை நிஜமாகக்கூட இருக்கலாம். கொக்கியார் தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

படியில் உட்கார்ந்து பையைக் கட்டிக்கொண்டிருந்தாள் ரிப்பேர்க்காரி. "நாளை மறுநாள் பாஸ்வேர்டு வாங்கி மாத்திடறேன்யா. இனிமே யாருக்கும் இப்படி ஆகாது."

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றீங்க."

தெருவில் வெயில் இன்னும் தணியவில்லை. நூறடி நடப்பதற்குள் மகனின் கார் பக்கத்தில் வந்து அவர் நடைக்குச் சமமாக ஊர்ந்தது. கண்ணாடி இறங்கியது. "ஏறுங்க பெரியப்பா. ரயில் ஸ்டேஷன் ரொம்ப தூரம்."

சாலை நடுவில் இடுப்பளவு சுவர் ஓடியது. ஓரிடத்தில் மட்டும் ஆள் நுழைகிற அளவுக்கு உடைந்திருந்தது. கொக்கியார் அதில் நுழைந்து மறுபக்கம் போய், வண்டிகள் எதிரே வருகிற ஓரமாக நடந்தார். கார் அந்தப் பக்கம் வர வேண்டுமானால் பாலம் வரை போய்த் திரும்பியாக வேண்டும். அது போயிற்றா, அங்கேயே நின்றதா என்று அவர் பார்க்கவில்லை.