தொண்ணூற்றேழு ஓட்டு

தேர்தல் முடிவு வந்த காலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு வெடிகூட வெடிக்கவில்லை. வெடி இல்லாமல் இல்லை. என் வீட்டுக்காரர் நோர்வூட் டவுனில் வாங்கி வந்த ஐந்து பெட்டி வெடி எங்கள் காம்பரா அறையில் அரிசி வாளிக்குப் பின்னால், ஈரம் படாமல் பொலித்தீன் சுற்றி இருந்தது. நாற்பது வருசமாக இந்த மலையில் ஒரே கட்சிதான் ஜெயிக்கும். அதனால் முடிவு வருவதற்கு முன்பே வெடி வாங்கி வைத்துவிடுவது எங்கள் வழக்கம். ஓட்டை எண்ணிப் பார்ப்பதெல்லாம் மற்ற ஊர்க்காரர்களுக்குத்தான் என்று சொல்லிச் சிரிப்போம்.

இந்த முறை எண்ணிப் பார்த்தார்கள். எங்கள் கட்சியின் வேட்பாளர் ஐயா தோற்றுப்போனார். கொஞ்சநஞ்சமாக இல்லை, மண்ணைக் கவ்வினார்.

என் வீட்டுக்காரர் அழகுமுத்துதான் எங்கள் கீழ்க்கணக்குக்கு, அதாவது தோட்டத்தின் கீழ்ப்பகுதிக்கு, தொழிற்சங்கத் தலைவர். தலைவர் என்றால் ஏதோ பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். யாருக்காவது நெஞ்சு வலித்தால், பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்காவிட்டால், செத்தவருக்குப் பெட்டி வேண்டுமென்றால், அவர் ஐயாவின் ஆளுக்குப் போன் பண்ணுவார். அந்தப் போன்தான் பதவி. அன்று காலை ஐந்து மணியிலிருந்து அவர் போட்டுக்கொண்டே இருந்தார். மறுபக்கம் போனை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

ஏழு மணிக்கு நாங்கள் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குக் கூடி நின்றபோது, அஞ்சாம் நம்பர் மலையில் மண் வெட்டிக்கொண்டிருந்த பெக்கோ இயந்திரத்தை ஒரு லொறியில் ஏற்றினார்கள். பன்னிரண்டு குடும்பத்துக்கு வீடு கட்ட நிலம் சமப்படுத்த வந்த பெக்கோ அது. தேர்தலுக்குப் பத்து நாளைக்கு முன்னால் வந்து, தேயிலையைப் பிடுங்கி, இரண்டு தட்டு நிலம் வெட்டியிருந்தது. மூன்றாவது தட்டு பாதியில் நின்றது. என் வீட்டுக்காரர் ஓடிப்போய் லொறியை மறித்தார். டிரைவர் நல்ல மனுசன், கோபப்படவில்லை. வரச் சொன்னார்கள் வந்தேன், போகச் சொன்னார்கள் போகிறேன் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். லொறி வளைவு தாண்டும்வரை கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு நூறு பேர் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்தப் பன்னிரண்டு வீட்டில் ஒன்று எங்களுக்கு.

எங்களுக்கு வீடு ஏன் அவ்வளவு அவசரம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் லயத்துக்கு, அதாவது ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீட்டு வரிசைக்கு, பின்னால் இருக்கிற மலை மூன்று வருசமாக இறங்கிக்கொண்டிருக்கிறது. எங்கள் காம்பராவின் பின்சுவரில், மகள் நிலக்ஷி படுக்கிற பக்கம், கூரையிலிருந்து தரைவரை ஒரு வெடிப்பு. மண்சரிவு பார்க்க வந்த அதிகாரிப் பிள்ளை ஒருத்தி எங்களுக்கு ஒரு வேலை கற்றுக்கொடுத்துவிட்டுப் போனாள். வெடிப்புக்குக் குறுக்கே ஒரு காகிதத் துண்டைக் கஞ்சிப் பசையில் ஒட்டி வையுங்கள், அது கிழிந்தால் சுவர் நகர்கிறது என்று அர்த்தம், உடனே வெளியே போய்விடுங்கள் என்றாள். எங்கே போவது என்று கேட்டேன். அதைச் சொல்கிற அலுவலகம் வேறு என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் லயத்தில் எல்லாச் சுவரிலும் காகிதம் இருக்கிறது. மற்ற வீடுகளில் காலையில் எழுந்ததும் சாமி படத்தைப் பார்ப்பார்கள். நான் காகிதத்தைப் பார்ப்பேன்.

இந்த வெடிப்பைப் பார்க்க ஐயாவும் ஒருமுறை வந்தார். மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, குடை நுனியால் சுவரைத் தட்டிப் பார்த்து, "இது சும்மா காரை வெடிப்புதானே" என்றார். என் பிள்ளை படுக்கிற பாயில் அவருடைய சப்பாத்துக் கால் நின்றது. அதை அவர் கவனிக்கவே இல்லை. இந்த வருசம் தேர்தல் அறிவித்த கையோடு அதே ஐயா பன்னிரண்டு குடும்பத்துக்கும் மேடையில் கடிதம் கொடுத்தார். ஆளுக்கு ஏழு பேர்ச் அளவு காணி, அதில் ஒரு வீடு. கீழே பச்சை மையில் கையெழுத்து. நிலக்ஷி அந்தக் கடிதத்தை வாங்கி எந்தப் பக்கம் ஜன்னல் வைக்கலாம் என்று பின்பக்கத்தில் பென்சிலால் வரைந்து பார்த்தாள். எனக்கும் ஆசைதான். ஆனால் அந்தச் சப்பாத்து மனசைவிட்டுப் போகவில்லை.

அதனால் வாக்குச்சீட்டைக் கையில் வாங்கியபோது ஒரு காரியம் செய்தேன். என் வீட்டுக்காரர் எங்கள் முன்வாசல் இஸ்தோப்பில் வைத்து லயம் முழுக்கச் சொல்லிக்கொடுத்த இடத்தில் புள்ளடி போடவில்லை. புதுக்கட்சிக்குப் போட்டேன். ஐயா எப்படியும் ஜெயித்துவிடுவார், வீடும் எப்படியும் வந்துவிடும், என் ஒரு புள்ளடி மட்டும் அவருக்கு ஒரு முள் மாதிரிக் குத்தட்டும் என்று நினைத்தேன். நாற்பது வருசம் ஒரே கட்சி ஜெயிக்கிற ஊரில் மட்டும்தான் இப்படி ஒரு நினைப்பு வரும். வெளியே வந்தபோது மனசு லேசாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

பெக்கோ போன அன்று மத்தியானம், வாக்கு எண்ணும் இடத்துக்குப் போயிருந்த சங்கத்து ஆள் கணக்கோடு வந்தான். எங்கள் பள்ளிக்கூடத்துப் பெட்டியில் மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு ஓட்டு. ஐயாவுக்கு விழுந்தது தொண்ணூற்றேழு.

அதற்குப் பிறகு நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும். ஒவ்வொருவராக எங்கள் இஸ்தோப்புக்கு வந்தார்கள். முதலில் பக்கத்துக் காம்பரா சோலைமலை அண்ணன். கோயில் இருக்கிற திசைக்குக் கையை நீட்டினார்.

"தலைவரே, மாரியம்மா மேல சத்தியமா நான் நம்ம சின்னத்துக்குத்தான் போட்டேன். இந்த மேக்கணக்குக்காரனுங்கதான் கழுத்தறுத்துட்டானுங்க."

"அண்ணே, மேக்கணக்குக்குப் பெட்டியே வேற."

"அப்ப நம்மள்லயே எவனோ இருக்கான் தலைவரே. கண்டுபுடிங்க."

பின்னேரம் வரைக்கும் நூற்று அறுபது பேர் சத்தியம் செய்துவிட்டுப் போனார்கள். என் வீட்டுக்காரர் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார், பிறகு விட்டுவிட்டார். தொண்ணூற்றேழு ஓட்டுக்கு நூற்று அறுபது சொந்தக்காரர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. இவர்கள் எல்லோரும் நான் நினைத்ததைத்தான் நினைத்திருக்கிறார்கள். மற்றவன் போடுவான், நாம் ஒருமுறை கோபத்தைக் காட்டிவிட்டு வரலாம் என்று முந்நூறு பேர் நினைத்திருக்கிறார்கள்.

"நீ சரியாத்தானே போட்ட?" என்று என் வீட்டுக்காரர் என்னைக் கேட்டார்.

"இதென்னாங்க கேள்வி" என்று சொல்லி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு கிழமை, பதினாலு நாளும் நான் நிம்மதியாக ஒரு வாய் சோறு தின்னவில்லை. நிலக்ஷி பின்சுவர்ப் பக்கம் பாயை விரிக்கும்போதெல்லாம், இந்தப் பிள்ளையை நான்தான் இங்கே படுக்க வைத்திருக்கிறேன் என்று தோன்றும். மலையில் கொழுந்து எடுக்கும்போதும் அதே நினைப்பு. மழையும் தொடங்கிவிட்டது.

கடைசியில் நான்தான் அவரை இழுத்துக்கொண்டு நோர்வூட்டுக்குப் போனேன். அங்கே போன் திருத்துகிற கடை வைத்திருக்கும் திலக்ஷன் புதுக்கட்சிக்கு எங்கள் பக்கத்து ஆள். எங்கள் தோட்டத்து மேக்கணக்கில் பிறந்த பிள்ளைதான். போன மாதம்வரை என் வீட்டுக்காரரைக் கண்டால் எழுந்து நிற்பான். நாங்கள் போனபோதும் எழுந்து நின்றான். அதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடிதத்தை வாங்கி இரண்டு முறை வாசித்தான்.

"அக்கா, இதுல காணி இலக்கமே இல்லயே. வாங்க, ஆபீஸ்ல கேட்டுப் பாப்போம்."

கடையைப் பூட்டிவிட்டு அவனே கூட்டிப்போனான். காணி அலுவலகத்தில் இருந்த அதிகாரி அம்மா சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறிப் பேசினார். நல்ல மாதிரிதான். தோட்டத்துக் காணிகளுக்கான பெரிய புத்தகத்தை எடுத்து விரலை ஓட்டிப் பார்த்தார். கம்பியூட்டரிலும் பார்த்தார்.

"அஞ்சாம் நம்பர் மலைய யாருமே வீடு கட்ட விடுவிச்சுக் கேக்கல. தோட்டக் கம்பெனிக்கும் கடிதம் போகல, இங்கயும் வரல. இன்னிக்கும் அது தேயிலைக் காணிதான்."

"மிஸ், பெக்கோ வந்து வெட்டிச்சே" என்றேன்.

"பெக்கோவுக்கு நாங்க ஓடர் குடுக்கல அம்மா."

திலக்ஷன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு எனக்கு விளக்கிச் சொன்னான். "இனிமே சிபாரிசு ஒண்ணும் கெடையாதுக்கா. எல்லாம் முறைப்படிதான் நடக்கும். புதுசா விண்ணப்பம் போடணும், மண் பாக்கணும், அளக்கணும், கம்பெனி சம்மதிக்கணும். ஒங்க பேரு வந்தா யாரும் அழிக்க மாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு."

"எவ்வளவு நாளாகும் தம்பி?"

"ரெண்டு வருசம்னு வச்சுக்கங்க. பொய் சொல்லக் கூடாதில்ல."

பொய் சொல்லாத ஆளிடம் எப்படிச் சண்டை போடுவது? ஐயாவாக இருந்தால் திட்டிக்கொண்டாவது வந்திருக்கலாம். மழை கூடினால் பள்ளிக்கூடத்தில் போய்த் தங்குங்கள் என்று அந்த அம்மா சொன்னார். போன வருசமும் தங்கினோம். மூன்றாம் நாள் பிள்ளைகளுக்குப் பாடம் நடக்க வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள்.

பஸ்ஸைவிட்டு இறங்கி மேலே ஏறுகிற பாதையில் நாங்கள் இரண்டு பேர்தான். தூறல். அவர் முன்னால் நடந்தார். இத்தனை நாளாக நெஞ்சில் கிடந்ததை இனிமேலும் வைத்திருக்க எனக்குத் தெம்பில்லை.

"இந்தாங்க, நானும் மாத்தித்தான் போட்டேன்."

அவர் நின்றார். திரும்பவில்லை.

"அந்தச் சப்பாத்து ஞாபகம் வந்துச்சு. ஒங்க எல்லாரோட ஓட்டும் இருக்கேன்னு நெனச்சேன். நாம தோப்போம்னு கனவுலகூட நெனைக்கல. என் ஓட்டாலதான் வீடு போச்சுன்னு ரெண்டு கெழமையா செத்துக்கிட்டு இருக்கேன்."

"ஒன் ஓட்டால போகல."

"அதான் இப்ப ஆபீஸ்ல சொன்னாங்களே."

"ஆபீஸ்ல சொல்றதுக்கு முந்தியே எனக்குத் தெரியும்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் பாதையோரக் கல்லில் உட்கார்ந்தார். நனைவதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

"மேடையில குடுக்கிறதுக்கு மொத நாளே ஐயாவோட ஆளு சொல்லிட்டான். இப்பதைக்குக் காயிதந்தான் தலைவரே, காணியப் பொறகு பாப்போம்னான். பெக்கோவும் பத்து நாளைக்குத்தான் வாடகைக்கு எடுத்துருக்குன்னான். நான் சரின்னேன். ஜெயிச்சதும் கையக் கால புடிச்சாவது வாங்கிரலாம்னு நெனச்சேன். எத்தன வாட்டி அப்புடி வாங்கியிருக்கேன், ஒனக்குத் தெரியாதா?"

"பிள்ள ஜன்னல் எல்லாம் வரைஞ்சாளே. அதப் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மழையா கண்ணீரா என்று நான் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தால் நல்லது என்றுகூடக் காத்திருந்தேன். அதற்குப் பதிலாக ஒரு வெறுமைதான் வந்தது. என் புள்ளடியால் வீடு போனது என்று அழுதபோது, போவதற்கு ஒரு வீடாவது இருந்தது. சரியாகப் போட்டிருந்தால் கிடைத்திருக்கும் என்று நினைக்க ஒரு வழி இருந்தது. இப்போது அதுவும் இல்லை. ஐயா ஜெயித்திருந்தாலும் எங்களுக்கு ஐந்து பெட்டி வெடிச் சத்தம்தான் மிஞ்சியிருக்கும்.

அவரைக் கையைப் பிடித்து எழுப்பினேன். மேலே ஏறினோம்.

லயத்துக்கு வந்தபோது நிலக்ஷி பள்ளிக்கூடச் சட்டையைக்கூட மாற்றாமல் வாசலில் நின்றாள். பின்சுவரைக் காட்டினாள். நான் காலையில் பார்த்துவிட்டுப் போன காகிதம் நடுவில் இரண்டாகக் கிழிந்திருந்தது. அதற்குக் கீழே ஒட்டியிருந்த இன்னொரு துண்டும் கிழிந்திருந்தது. சோலைமலை அண்ணன் வீட்டிலும் கிழிந்துவிட்டதாம். அந்த அதிகாரிப் பிள்ளை சொன்னது போல வெளியே போக வேண்டிய நேரம். வெளியே மழை சோவென்று கொட்டத் தொடங்கியது. பள்ளிக்கூடத்தில் கணேசமூர்த்தி மாஸ்டர் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குச் சோதனை நடத்திக்கொண்டிருக்கிறார், நாலு மணிக்குப் பிறகுதான் கதவைத் திறந்துவிட முடியும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அது திறந்தாலும் மூன்று நாளைக்குத்தான்.

மகளின் பாயையும் புத்தகங்களையும் இஸ்தோப்புக்கு இழுத்துப் போட்டேன். அடுப்பில் கிடந்த காலைக் கஞ்சியில் கொஞ்சம் மாவு கரைத்துப் பசை கிண்டினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை, கை தானாகச் செய்தது. ஒட்டுவதற்குக் காகிதம் தேடினேன். என் வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து ஐயாவின் கடிதத்தை எடுத்தார். நல்ல தடித்த தாள். நிலக்ஷி ஜன்னல் வரைந்திருந்த பக்கத்தைப் பார்த்துவிட்டு, அதை நீளமாகக் கிழித்து என்னிடம் நீட்டினார். நான் வாங்கி வெடிப்புக்குக் குறுக்கே ஒட்டினேன். பச்சைக் கையெழுத்தில் பாதி இந்தப் பக்கம் விழுந்தது, பாதி அந்தப் பக்கம்.

நிலக்ஷி இஸ்தோப்பிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, இதுவும் கிழிஞ்சா யாருக்குப் போன் பண்ணுவீங்க?"

அவர் போனைக் கையில் எடுத்தார். அதில் இருந்த பெயர்களை மேலே தள்ளிக்கொண்டே போனார். கடைசிப் பெயர்வரை போய்விட்டு, போனைத் திரும்பவும் பையில் போட்டுக்கொண்டார். நான் அடுத்த துண்டுக்குப் பசை தடவத் தொடங்கினேன்.