செவ்வாய்க்கிழமைப் பாரிஸ்காரன்

பாரிஸில் பிறந்தவனுக்கு அருங்காட்சியகம் தேவையில்லை. அருங்காட்சியகத்துக்குத்தான் அவன் தேவை. திட்டம் போட்டு ஓவியம் பார்க்கிறவன் நல்ல நேரம் பார்த்துத் தும்முகிறவன்.

இந்த உண்மையை என் நண்பன் ஒக்தாவ் செவ்வாய்க்கிழமை காலை ஒரு காப்பிக்கடையில் வெளியிட்டான். வாயில் ரொட்டி இருந்ததால் பாதி உண்மை மேசையில் சிந்தியது.

எதிரே உட்கார்ந்திருந்தவள் சொலென். பிரெஸ்த் துறைமுகத்துக்காரி, பழைய ஓவியங்களைப் பழுதுபார்க்கப் படிப்பவள். கோடையில் அங்கே படகோட்டக் கற்கப் போன ஒக்தாவ், படகைக் கவிழ்த்து அவளைச் சம்பாதித்துக்கொண்டு திரும்பியிருந்தான். அவளுக்கு மேற்படிப்புக்குப் பாரிஸிலும் இடம் கிடைத்திருந்தது, ரென் நகரத்திலும் கிடைத்திருந்தது. மறுநாள் இரவுக்குள் ஒன்றுக்குச் சரி சொல்ல வேண்டும். பாரிஸ் ஒத்துவருமா என்று பார்க்க வந்திருந்தாள். அவள் ரென் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயத்தில் ஒக்தாவ் தூங்கி வெகுநாளாகிறது. ஒரே அறையில் குடியிருக்கும் பாவத்தால் நானும் தூங்கவில்லை.

சொலென் ஒரு தாளை எடுத்து விரித்தாள். எந்த அருங்காட்சியகம் எப்போது, எந்த வாசலில் கூட்டம் குறைவு, எல்லாம் பொடி எழுத்தில். ஒக்தாவ் அதை நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலுக்கு முட்டுக் கொடுத்தான்.

"இதெல்லாம் டூரிஸ்டுங்க வேலை. இனிமே என் கால்தான் உனக்கு மேப்பு."

"சரி. உன் கால் இன்னிக்கு எங்கே போகுதாம்?"

"லூவ்ரு மியூசியத்துக்கு. வேற எங்கே?"

"இன்னிக்கா?"

"இன்னிக்கேதான்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு காப்பியைக் குடித்தாள்.

ஒக்தாவின் நடை நடையல்ல. பின்னால் கடன்காரன் துரத்துகிற மாதிரி ஒரு வேகம். சிவப்பு விளக்குகளை மதிக்கவில்லை. விரல்களைச் சொடுக்கிக்கொண்டே போனான். நாங்கள் மூச்சு வாங்கப் போய்ச் சேர்ந்தபோது கண்ணாடிப் பிரமிடு பளபளத்தது, கதவுகள் சாத்தியிருந்தன. செவ்வாய் விடுமுறை. இருபத்து மூன்று வருடம் இதே ஊரில் வளர்ந்தவனுக்கு இந்தச் சேதி அன்றுதான் எட்டியது.

"வெளியிலேர்ந்து பார்த்தாத்தான் இதோட அழகே," என்றான், குரல் மாறாமல்.

"அப்படியா?" என்றாள் சொலென்.

நதியைத் தாண்டி, பழைய ரயில் நிலையத்தில் இருக்கிற அருங்காட்சியகத்துக்கு ஓடினோம். தூறல் பிடித்துக்கொண்டது. முன்வெளியில் நிற்கும் இரும்புக் காண்டாமிருகத்தைக் கண்டதும் ஒக்தாவுக்கு முகம் மலர்ந்தது. தொலைந்துபோன சித்தப்பாவைப் பார்த்ததுபோல் அதன் விலாவைத் தட்டினான்.

"இதுதான் இந்த மியூசியத்தோட உயிர்."

"இது வாசல்டா," என்றேன்.

"உனக்குத் தெரியாது. இங்கே உக்காந்துதான் சாப்பிட்டோம்."

"எப்போ?"

"மூணாங்கிளாஸ்ல."

வரிசை நதிக்கரை வரை வளைந்து கிடந்தது. பாரிஸ்காரன் வரிசையில் நிற்கமாட்டான் என்று அறிவித்துவிட்டு, தனக்குத் தெரிந்த இன்னொரு வாசலுக்கு எங்களை இழுத்துக்கொண்டு போனான். அங்கே மஞ்சள் மேலங்கி மாட்டிய சிறுவர்கள் ஜோடி ஜோடியாகக் கைகோத்து நின்றார்கள். காவலர் ஒக்தாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"குழுவா சார்?"

"ஆமா."

"எத்தனை பிள்ளைங்க?"

ஒக்தாவ் எங்கள் இருவரையும் காட்டினான். நான் நல்ல பிள்ளையாகச் சொலெனின் கையைப் பிடித்துக்கொண்டேன். பலிக்கவில்லை.

நனைந்துபோய்க் காண்டாமிருகத்தின் அருகே திரும்பி வந்தோம். ஒக்தாவின் விரல்கள் மட்டும் இன்னும் சொடுக்கிக்கொண்டிருந்தன.

"செவ்வாய்க்கிழமை லூவ்ரு லீவுன்னு எனக்குத் தெரியும்," என்றாள் சொலென்.

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"உன் ஊருன்னு அவ்ளோ அடிச்சு விட்டியே. உனக்காக யாராவது தொறப்பாங்களோ என்னவோன்னு வந்தேன்."

நான் சிரித்தேன். ஒக்தாவ் சிரிக்கவில்லை, அவளும் சிரிக்கவில்லை.

"விளையாட்டுக்குச் சொல்லலை ஒக்தாவ். ரெண்டு வருஷம் இந்தப் படங்களோடதான் நான் வாழணும். உன்னோடவும். ஒரு நாள்கூட உள்ளே போக முடியலைன்னா எப்படி?" தலையிலிருந்த நீரை வழித்துவிட்டாள். "நாளைக்குக் காலைல கல்லூரியைப் பார்க்கப் போறேன். மத்தியானம் உன்கூட லூவ்ருக்கு வர்றேன். ராத்திரி பதில் எழுதிருவேன்."

மெட்ரோவுக்குள் தனியாக இறங்கிப் போனாள். "ரென்ல மழை இதைவிட ஜாஸ்தி," என்று அவள் முதுகைப் பார்த்துச் சொன்னான் ஒக்தாவ்.

புதன்கிழமை காலை நான் எழுந்தபோது அவன் படுக்கை காலி. என் கல்லூரிக்குப் போகும் பேருந்து லூவ்ரின் முற்றத்தைக் கடந்து போகும். ஜன்னலோரம் தூங்கி வழிந்தவன், பேருந்து சிவப்பு விளக்கில் நின்றபோது வரிசையில் அவனைக் கண்டு நிமிர்ந்தேன். குடையைத் தூக்கிப் பிடித்த ஒரு வழிகாட்டிக்குப் பின்னால், வெளியூர்க் கிழவர்களுக்கு நடுவே நின்றான். கையில் அருங்காட்சியகத்தின் வரைபடம். முன்னால் நின்ற அம்மாளிடம் எதையோ கேட்டு, அதில் குறித்துக்கொண்டான். விரல் வரைபடத்தில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு, எதையோ சுற்றிக்கொண்டு நகர்ந்தது.

கைபேசியில் கூப்பிட்டேன். எடுத்துப் பார்த்தான், அணைத்துச் சட்டைப்பைக்குள் போட்டான். வரிசை ஓரடி நகர்ந்தது. அவனும் நகர்ந்தான்.